பொற்றொடியும் லூகோகாஸ்டரும்: பறவைகளின் விஞ்ஞானப் பெயர்களை வாசிக்கப் பழகுவோம்

திருகோணமலை கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவின் ஓரத்தில் நின்று கீழே கடலைப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரம் நிமிர்ந்து மேலே பார்த்தால் இன்னொன்றும் தெரியும். சாம்பல் முதுகும் வெள்ளை வெளேரென்ற வயிறும் கொண்ட பெரிய கழுகு ஒன்று, பாறையில் மோதி மேலெழும் காற்றில் ஏறி, சிறகை அடிக்காமலே மிதந்துகொண்டிருக்கும். இரண்டு சிறகுகளும் உடலுக்கு மேலே சற்றுத் தூக்கியபடி இருக்கும். கீழிருந்து பார்க்கும்போது சிறகின் பின்பாதி கறுப்பு. முன்பாதியும் வயிறும் தலையும் வெள்ளை. வால் குட்டை, ஆப்பு வைத்ததுபோல் இருக்கும்.

என் அக்காவின் மகள் உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறாள். விடுமுறையில் ஒரு பின்னேரம் அவளை அங்கே அழைத்துப் போயிருந்தேன். கையில் ஒரு பறவைக் கையேடு. வெண்வயிற்றுக் கடற்கழுகு என்ற பெயரை ஒருமுறை வாசித்தாள், மேலே பார்த்தாள், தலையசைத்தாள். பிறகு அதன் கீழே சாய்ந்த எழுத்தில் இருந்த மற்றப் பெயரை எழுத்துக் கூட்டத் தொடங்கினாள். பாதியில் நிறுத்திவிட்டுக் கையேட்டை மூடினாள்.

"மாமா, தமிழ்ப் பெயர் பறவையைப் பார்த்தவுடன் விளங்குகிறது. இந்தப் பெயரை எத்தனை தரம் எழுதிப் பார்த்தாலும் மனதில் நிற்பதில்லை."

"இரண்டும் ஒரே பெயர்தான், பிள்ளை" என்றேன்.

அவள் நம்பவில்லை. கொப்பியை வாங்கி, அந்த நீண்ட பெயரை நான்கு துண்டாக வெட்டி எழுதிக் காட்டினேன். அன்று எழுதியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

அந்தக் கழுகுக்குக் கையேட்டில் இருந்த விஞ்ஞானப் பெயர் ஹாலியேட்டஸ் லூகோகாஸ்டர். கிரேக்கத்தில் ஹல்ஸ் என்றால் உப்பு; கடலுக்கும் அதே சொல். அயெட்டோஸ் என்றால் கழுகு. லூக்கோஸ் என்றால் வெள்ளை. காஸ்டர் என்றால் வயிறு. நான்கையும் வரிசையாக வைத்துப் பாருங்கள்: கடல், கழுகு, வெள்ளை, வயிறு. ஒளிவு மறைவு எதுவும் இல்லை. 1788ஆம் ஆண்டு ஜெர்மானிய இயற்கையியலாளர் கிமெலின் இந்தப் பறவைக்கு லூகோகாஸ்டர் என்று பெயரிட்டபோது, அதன் வயிற்றின் நிறத்தைத்தான் சொன்னார்.

கிரேக்கம் நமக்கு முற்றிலும் அந்நியமும் அல்ல. வயிற்றெரிவு என்று போனால் மருத்துவர் காஸ்ட்ரைட்டிஸ் என்கிறாரே, அதில் இருப்பது இதே காஸ்டர். இரத்தப் புற்றுநோயை லுகேமியா என்கிறோம். அதன் முன்பாதி லூக்கோஸ், பின்பாதி இரத்தத்தைக் குறிக்கும் ஹைமா. ஈமோகுளோபினில் இருப்பதும் அதே ஹைமா. பாடநூலில் ஐதரசன் என்று படிக்கிறோம். அதில் நீரைக் குறிக்கும் ஹூடோர் இருக்கிறது. ஹெலிகொப்டரின் பின்பாதி சிறகைக் குறிக்கும் ப்டெரோன். ஆஸ்பத்திரியிலும் வகுப்பறையிலும் இந்தச் சொற்களை நாம் ஏற்கெனவே வாயில் போட்டு மென்றிருக்கிறோம். அவை பறவையின் பெயரில் வந்து நிற்கும்போது மட்டும் அடையாளம் தெரியாமல் போகிறது.

இனி அமைப்பைப் பார்ப்போம். சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் 1758இல் தமது பெருநூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்டார். விலங்குகளின் பெயரீட்டுக்கு அந்தப் பதிப்பையே தொடக்கமாகக் கொள்கிறார்கள். ஒவ்வோர் உயிருக்கும் இரண்டு சொற்கள். முதற்சொல் நெருங்கிய உறவுள்ள பல இனங்களுக்குப் பொதுவானது. நம் இலங்கைப் பாடநூல்களில் அது சாதி, தமிழ்நாட்டு நூல்களில் பேரினம். இரண்டாம் சொல் அந்த ஓர் இனத்தை மட்டும் பிரித்துக் காட்டுவது. முதற்சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்குவார்கள், இரண்டாவதைச் சிறிய எழுத்தில் தொடங்குவார்கள், இரண்டையும் சாய்ந்த எழுத்தில் அச்சிடுவார்கள். குழப்பம் வராமலிருக்க இந்தக் கட்டுரையில் முதற்சொல், இரண்டாம் சொல் என்றே சொல்கிறேன்.

பெயர்கள் இலத்தீன் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அது பாதி உண்மை. பெயரின் உடை இலத்தீன். உள்ளே இருக்கும் உடம்பு பல நேரம் கிரேக்கம். அந்தக் கால ஐரோப்பிய அறிஞர்கள் இரண்டு மொழியையும் படித்தவர்கள், எழுதியது இலத்தீனில். பறவைகளைப் பற்றி விரிவாக எழுதிவைத்திருந்தவரோ கிரேக்கரான அரிஸ்டாட்டில், கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில். அவர் குறித்துவைத்த பறவைப் பெயர்கள் பலவற்றை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். புதுப் பெயர் வேண்டியபோது கிரேக்கச் சொற்களை ஒட்டிச் செய்தார்கள். கிரேக்கத்தின் ஓஸ் என்ற ஈறு இலத்தீனில் அஸ் ஆகும், ஓன் என்ற ஈறு அம் ஆகும். வெளித் தோற்றத்தில் நடக்கும் மாற்றம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

ஏன் கிரேக்கத்தைத் தேடிப் போனார்கள்? என் எண்ணம் இது: கிரேக்கம் சொற்களைத் தொகையாக்குவதில் கைதேர்ந்த மொழி. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதை விளக்குவது மிகவும் எளிது. வெண்மை என்ற சொல்லோடு வயிறு சேரும்போது மை என்ற ஈறு கெட்டு வெண்வயிறு ஆகிறது. லூக்கோஸோடு காஸ்டர் சேரும்போது ஸ் கெட்டு லூகோகாஸ்டர் ஆகிறது. இரண்டு மொழியிலும் பண்புச்சொல் தன் வாலை உதிர்த்துவிட்டுப் பெயர்ச்சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது.

இன்னொன்று இதைவிட முக்கியம். வெண்வயிறு என்றால் வயிறு அல்லவா, பறவை எங்கே என்று மருமகள் கேட்டாள். நல்ல கேள்வி. 'பொற்றொடி வந்தாள்' என்று இலக்கண வகுப்பில் படித்திருப்போம். தொடி நடந்து வராது. பொன்னால் ஆன தொடியை அணிந்த பெண் வந்தாள். சொல்லில் இல்லாத ஒன்றைத் தொகை தானே சுட்டுவதால் அதற்கு அன்மொழித்தொகை என்று பெயர். லூகோகாஸ்டரும் அன்மொழித்தொகைதான். வெள்ளை வயிறு என்று சொல்லி, அந்த வயிறுடைய பறவையைச் சுட்டுகிறது. விஞ்ஞானப் பெயர்களின் இரண்டாம் சொற்களில் பெருந்தொகை இப்படி அமைந்தவை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கையேட்டின் ஒவ்வொரு பக்கமும் வேறு மாதிரித் தெரியும்.

நிலாவெளிப் பக்கம் உப்பளங்களில் பவளக்கால் உள்ளானைப் பார்த்திருப்பீர்கள். கறுப்புச் சிறகு, வெள்ளை உடல், உடலுக்குப் பொருந்தாத அளவு நீண்ட இளஞ்சிவப்புக் கால். தண்ணீரில் நிற்கும்போது பறவை நிற்கிறதா, இரண்டு குச்சிகள் நிற்கின்றனவா என்று தோன்றும். பறக்கும்போது கால்கள் வாலுக்குப் பின்னால் வெகுதூரம் நீண்டு தொங்கும். இதன் பெயர் ஹிமான்டோபஸ் ஹிமான்டோபஸ். ஹிமாஸ் என்றால் தோல்வார். தொகையில் ஹிமான்ட் என்று திரியும். பூஸ் என்றால் கால். அதுதான் பஸ் ஆகிறது. வார் போன்ற கால். உவமைத்தொகைப் புறத்துப் பிறந்த அன்மொழித்தொகை என்று என் தமிழாசிரியர் இருந்தால் சொல்லியிருப்பார். செருப்பு வாரைப் போல மெலிந்து வளையும் அந்தக் காலைப் பார்த்துத்தான் பெயர் பிறந்தது. நம்மவர்கள் அதே காலில் நிறத்தைப் பார்த்தார்கள், பவளம் என்றார்கள். முதற்சொல்லும் இரண்டாம் சொல்லும் ஒன்றாக இருப்பது விலங்குப் பெயரீட்டில் அனுமதிக்கப்பட்டது.

வெண்வயிற்றுக் கடற்கழுகு என்ற தமிழ்ப் பெயர் நூல்வழக்குப் பெயர், கடற்கரையில் அவ்வளவு நீட்டிச் சொல்பவர் குறைவு. ஆகவே அது கிரேக்கத்தோடு பொருந்துவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரட்டைவால் குருவி அப்படிப்பட்டதல்ல. மாட்டின் முதுகிலும் மின்கம்பியிலும் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும் கரிச்சானுக்கு நம் ஊர்ச் சிறுவர்கூட வைக்கும் பெயர் அது. அதன் விஞ்ஞான முதற்சொல் டிக்ரூரஸ். டிக்ரோஸ் என்றால் இரண்டாகப் பிளந்தது, ஊரா என்றால் வால். எங்கோ ஐரோப்பாவில் ஒருவர் பாடம்செய்த பறவையின் உடலைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னதும், மாடு மேய்த்த நம் முன்னோர் வயல்வரம்பில் நின்று சொன்னதும் ஒரே சொல்லாக வந்து நிற்கின்றன. இதை முதன்முதல் உணர்ந்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. தம்பலகாமத்து வயலோரம், அறுவடை முடிந்த நேரம், கம்பியில் வரிசையாக மூன்று கரிச்சான்கள். அன்றிலிருந்து விஞ்ஞானப் பெயர் எதையும் நான் துண்டாக்காமல் விட்டதில்லை.

இப்படி ஒத்துப்போகும் பெயர்கள் இன்னும் உண்டு. மரங்கொத்திகளில் ஒரு பிரிவுக்கு டென்ட்ரோகோபோஸ் என்று முதற்சொல். டென்ட்ரோன் மரம், கோபோஸ் கொத்து. குளத்தில் ஆளைக் கண்டதும் சட்டென்று நீருக்குள் மறையும் முக்குளிப்பானுக்கு டாகிபாப்டஸ். டாகிஸ் என்றால் விரைவு, பாப்டோ என்றால் நீரில் முழுகு. தூக்கணாங்குருவியின் முதற்சொல் புளோசியஸ். நெசவாளி என்று பொருள்படும் கிரேக்கச் சொல் புளோகியூஸ். நாம் கூடு தொங்குவதைப் பார்த்துப் பெயர் வைத்தோம், அவர்கள் கூடு நெய்யப்படுவதைப் பார்த்து வைத்தார்கள். முற்றத்து மைனா அக்ரிடோதீரஸ். அக்ரிஸ் வெட்டுக்கிளி, தீராஸ் வேட்டைக்காரன். புல்லில் மாட்டுக்குப் பின்னால் நடந்து, எழும்புகிற வெட்டுக்கிளியைப் பிடிக்கும் மைனாவைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நீர்க்காகத்தின் கதையில் கொஞ்சம் நிற்க வேண்டும். உட்துறைமுகத்தின் மிதவைகளிலும் கம்பங்களிலும் சிறகை விரித்துக் காயவைத்தபடி நிற்குமே, அதற்கும் காகத்துக்கும் உறவே இல்லை. ஆனாலும் கறுப்பாக இருப்பதால் நாம் காகம் என்றோம், நீரில் இருப்பதால் நீர்க்காகம் என்றோம். கிரேக்கர்களும் அதே வழியில் போயிருக்கிறார்கள். பெரிய நீர்க்காகங்களின் முதற்சொல் பலாக்ரோகோராக்ஸ். பலாக்ரோஸ் வழுக்கை, கோராக்ஸ் அண்டங்காகம். வழுக்கைக் காகம். மத்தியதரைக் கடற்பக்கத்துப் பறவைகளுக்கு இனப்பெருக்க காலத்தில் தலையில் வெண்தூவிகள் வரும், அது வழுக்கைபோல் தோன்றியிருக்கலாம் என்று விளக்குகிறார்கள். நம் குளங்களில் மிகுதியாக இருக்கும் சிறிய நீர்க்காகத்துக்கு மைக்ரோகார்போ நைஜர் என்று பெயர். மைக்ரோ கிரேக்கம், சிறியது. கார்போ இலத்தீன், கரி. நைஜர் இலத்தீன், கறுப்பு. இரண்டு மொழியை ஒரே சொல்லில் ஒட்டுவது மொழித் தூய்மை பார்ப்பவர்களுக்குப் பிடிக்காது, ஆனால் பெயரீட்டு விதிகள் அதைத் தடுப்பதில்லை. செம்பருந்தின் ஹாலியாஸ்டரும் அப்படித்தான்: முன்னால் கடலைக் குறிக்கும் கிரேக்க ஹல்ஸ், பின்னால் வல்லூறு வகையைக் குறிக்கும் இலத்தீன் அஸ்டுர்.

கோராக்ஸ் என்ற அதே காகம் இரவிலும் வருகிறது. அந்தி மங்கியதும் 'வக்' என்று ஒற்றைக் குரல் கொடுத்துத் தலைக்கு மேலே போகும் பறவையை நாம் வக்கா என்கிறோம், இராக்கொக்கு என்றும் சொல்கிறோம். விஞ்ஞானப் பெயர் நிக்டிகோராக்ஸ் நிக்டிகோராக்ஸ். நிக்ஸ் என்றால் இரவு. இராக்காகம். இங்கே நம் பெயரே சரி. அது கொக்குக் குடும்பத்துப் பறவை. கிரேக்கப் பெயரைச் செய்தவர்கள் இருட்டில் அந்தக் கரகரத்த குரலை மட்டும் கேட்டிருக்க வேண்டும்.

நிறங்களையும் உறுப்புகளையும் தெரிந்துகொள்வதே பாதி வேலை. மெலாஸ் கறுப்பு, நம் தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனினை நினைத்துக்கொள்ளுங்கள். எரித்ரோஸ் சிவப்பு. போலியோஸ் நரை நிறம். கிரைசோஸ் பொன். கெபாலே தலை, ரிங்கோஸ் அலகு, கெராஸ் கொம்பு, ஓர்னிஸ் பறவை. இந்தக் கையளவு சொற்களோடு கந்தளாய்க் குளக்கரைக்குப் போய்ப் பாருங்கள். கோரைக்குள் நடக்கும் நீலத் தாழைக்கோழி போர்பிரியோ போலியோகெபாலஸ்: முதற்சொல் ஊதா நிறத்தைக் குறிக்கும் போர்பிராவிலிருந்து வந்தது, இரண்டாம் சொல் நரைத்தலை. சேற்றில் வளைந்த அலகை விட்டுத் துழாவும் அரிவாள் மூக்கன் திரெஸ்கியோர்னிஸ் மெலனோகெபாலஸ்: கருந்தலை. முதற்சொல்லின் பொருள் வழிபாட்டுப் பறவை. எகிப்தியர் தங்கள் தெய்வத்துக்குரியதாகக் கொண்டு பதனிட்டு அடக்கம் செய்த அரிவாள் மூக்கனும் இதே சாதியைச் சேர்ந்தது. சாதியின் பெயர் அதிலிருந்தே வந்தது. வெளிநாட்டுக்காரர் தலையைப் பார்த்தார், நாம் மூக்கைப் பார்த்தோம். மூக்கன், கரண்டிவாயன், முக்குளிப்பான் என்று நாம் போடும் அன், ஆன் விகுதி செய்யும் வேலையைத்தான் கிரேக்கத்தில் ஓஸ் செய்கிறது.

அதே குளத்தில் மஞ்சள்மூக்கு நாரையும் நிற்கும். அதன் பெயர் மிக்டேரியா லூகோகெபாலா. இங்கே ஒரு சின்ன இலக்கணம். அரிவாள் மூக்கனுக்குக் கெபாலஸ், நாரைக்குக் கெபாலா. ஏன் ஈறு மாறியது? முதற்சொல் ஆண்பாலாக இருந்தால் இரண்டாம் சொல்லும் ஆண்பால் ஈற்றோடு வரும், பெண்பாலாக இருந்தால் பெண்பால் ஈற்றோடு வரும். பறவை ஆணா பெண்ணா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. சொல்லின் பால்தான் கணக்கு. எழுவாயோடு பயனிலை பால் ஒத்து வர வேண்டும் என்று பழகியவர்களுக்கு இது புதிதாக இராது. வெண்தலை என்ற இந்தப் பெயரை நான் ஏற்கமாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வளர்ந்த நாரையின் முகத்திலும் தலையிலும் கண்ணில் படுவது செம்மஞ்சள் நிற வெறுந்தோல். நம் மஞ்சள்மூக்கு என்ற பெயர் எவ்வளவோ மேல்.

இலைக்கோழியின் பெயரை மட்டும் யாரும் முதல் பார்வையில் ஊகிக்க முடியாது. தாமரை இலை மேல் நடக்கும், நீண்ட வளைந்த வாலுடைய அந்த அழகான பறவைக்கு ஹைட்ரோபேசியானஸ் சிருர்கஸ் என்று பெயர். முன்பாதி விளங்கும்: ஹூடோர் நீர், பேசியானோஸ் என்பது கருங்கடலுக்குக் கிழக்கே ஓடும் பேசிஸ் ஆற்றங்கரையிலிருந்து வந்த கோழியினம். நீர்க்கோழி என்றே வைத்துக்கொள்ளலாம். சிருர்கஸ்? கெய்ர் என்றால் கை, எர்கோன் என்றால் வேலை. கைவேலை செய்பவர், அதாவது அறுவைச் சிகிச்சை செய்யும் வைத்தியர். சேர்ஜன் என்று நாம் ஆஸ்பத்திரியில் சொல்லும் சொல்லும் இதிலிருந்தே வந்தது. இலைக்கோழிக்கு அறுவைச் சிகிச்சையோடு என்ன சம்பந்தம் என்றால், அதன் சிறகை விரித்துப் பார்க்க வேண்டும். மடிப்பு முனையில் கூரிய முள் ஒன்று இருக்கிறது, வைத்தியரின் சிறு கத்தியைப் போல. தூரக்கண்ணாடியில் நான் பலமுறை தேடியும் அது எனக்கு ஒரே ஒருமுறைதான் தெரிந்தது, இரண்டு சேவல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சிறகைத் தூக்கியபோது. பெயர் தெரிந்திருந்ததால்தான் அங்கே பார்த்தேன்.

கடற்கரைக்குத் திரும்புவோம். வலை இழுக்கும் நேரத்தில் மேலே வட்டமிடும் கொண்டை ஆலாவின் முதற்சொல் தலாசியஸ். கிரேக்கத்தில் தலாசா என்றால் கடல், தலாசியஸ் என்றால் கடற்றொழிலாளி. தலசீமியா என்ற இரத்த நோயின் பெயரிலும் இருப்பது அதே தலாசா. கீழே கயிறு பிடித்து இழுப்பவரும் மேலே பாய்ந்து மீன் பிடிப்பதும் பெயரளவில் ஒரே தொழிற்காரர்.

எல்லாப் பெயரும் தோற்றத்தைச் சொல்வதில்லை; சிலவற்றில் கதை இருக்கிறது. வெண்தொண்டை மீன்கொத்தியை அறியாதவர் நம் ஊரில் இல்லை. கிணற்றுக்கட்டில், வயல்வரம்பில், தொலைபேசிக் கம்பியில் எங்கும் இருக்கும். ஹால்சியன் ஸ்மிர்னென்சிஸ் என்பது அதன் பெயர். இரண்டாம் சொல் இன்றைய துருக்கியில் உள்ள ஸ்மிர்னா நகரத்தைச் சொல்கிறது. இன்று அந்த நகரம் இஸ்மீர். முதற்சொல்லில்தான் கதை. காற்றுகளை அடக்கி ஆளும் அயோலஸின் மகள் அல்கியோன். அவள் கணவன் கேயிக்ஸ் கடற்பயணத்தில் புயலில் மூழ்கி இறந்தான். உடல் கரையொதுங்கியதைக் கண்ட அவள் கடலில் பாய்ந்தாள். தெய்வங்கள் இரங்கி இருவரையும் மீன்கொத்திகளாக மாற்றின. மாரிகாலத்தின் மிகக் குறுகிய பகலுக்கு முன்னே ஏழு நாளும் பின்னே ஏழு நாளும் அவள் கடலின் மேல் கூடு கட்டி அடைகாக்கிறாள் என்றும், அந்தப் பதினான்கு நாளும் தந்தை அயோலஸ் காற்றைக் கட்டிவைத்துக் கடலை அசையாமல் வைத்திருக்கிறான் என்றும் கிரேக்கர் நம்பினார்கள்.

மார்கழிக் கடல் அமைதியாக இருக்கும் என்றால் திருகோணமலையில் யார் ஏற்பார்கள்? அந்த நாட்களில்தான் இங்கே வாடைக்காற்று அடித்துக் கடல் கொந்தளிக்கும். வள்ளங்களைக் கரையில் உயர இழுத்து வைத்துவிட்டு, எப்போது இறங்கலாம் என்று வானத்தைப் பார்த்திருக்கும் காலம் அது. கணவன் கடலில், மனைவி கரையில் என்ற நிலை நம் கரையோரக் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. அதனால் அல்கியோனின் கதை எனக்கு அயல்நாட்டுக் கதையாகப் படுவதில்லை. மீன்கொத்தி உண்மையில் கடலில் கூடு கட்டுவதுமில்லை. மண்சுவரிலோ ஆற்றங்கரைச் சரிவிலோ வளை தோண்டி அதற்குள் முட்டையிடும். கடலோடு உறவு இருக்கிறது என்று எண்ணித்தான் ஹல்ஸ் என்ற சொல்லை நினைத்து அல்கியோனுக்கு முன்னால் ஹ ஒலியைப் பிற்காலத்தவர் சேர்த்தார்கள். கழுகின் பெயரில் பார்த்த அதே ஹல்ஸ்தான். கணவன் கேயிக்ஸும் பறவைப் பெயரில் வாழ்கிறான்: காட்டோர நீரோடைகளில் இருக்கும், உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன மீன்கொத்தியின் முதற்சொல் சேயிக்ஸ்.

பெயர்களில் தவறும் உண்டு. பெரிய சிவப்பு அலகு கொண்ட மீன்கொத்தி ஒன்று ஆற்றோர மரநிழலில் இருக்கும். பெலார்கோப்சிஸ் கேப்பென்சிஸ். முதற்சொல் நன்றாகவே இருக்கிறது: பெலார்கோஸ் நாரை, ஓப்சிஸ் தோற்றம், அந்த அலகைப் பார்த்தால் பொருந்தும். இரண்டாம் சொல் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைக் குறிக்கிறது. அங்கே இந்தப் பறவை கிடையாது. 1766இல் லின்னேயஸ் அது அங்கிருந்து வந்தது என்று எண்ணிவிட்டார். தவறு என்று தெரிந்தாலும் பெயரை மாற்றமாட்டார்கள். முதலில் முறையாக வைத்த பெயருக்கே உரிமை. அதுபோல, கட்டடக் கூரைகளின் கீழ் கூடு வைத்து நாள் முழுதும் வானில் வெட்டிப் பறக்கும் உழவாரனுக்கு ஏப்பஸ் என்று பெயர். அ என்பது இன்மையைக் குறிக்கும், பூஸ் கால், காலில்லாதது. அதற்குக் கால் இருக்கிறது, ஆனால் மிகக் குட்டை. தரையில் இறங்கி நடப்பதை யாரும் பார்க்காததால் காலே இல்லை என்று பழங்காலத்தார் முடிவுசெய்தார்கள். அ சேர்த்து இன்மையைச் சொல்வது நமக்கும் பழக்கமே: நீதி, அநீதி.

நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாமலைக்குப் படகில் போகிறவர்கள் பவளப்பாறையையும் மீன்களையும் பார்க்கவே போகிறார்கள். 2003இல் அது தேசியப் பூங்காவானதும் அதனால்தான். ஆனால் தீவுக்குப் பெயர் கொடுத்தவை பாறை இடுக்குகளில் வாழும் மாடப்புறாக்கள். கொலம்பா லிவியா என்ற அவற்றின் பெயர் முழுக்க இலத்தீன்போல் தெரியும். லிவியாவுக்குள் ஒளிந்திருக்கும் கிரேக்கத்தைக் கண்டுபிடிக்க ஒருவரைப் பற்றித் தெரிய வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் தியோடோரஸ் காசா, அரிஸ்டாட்டிலின் விலங்கு நூல்களை இலத்தீனில் பெயர்த்தார். மூலத்தில் பெலேயா என்ற புறா வந்தது. கருநிறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது என்று கருதி, நீலச்சாம்பல் நிறத்தைக் குறிக்கும் லிவியா என்ற சொல்லை அவர் இட்டார். பாறையில் வெயில் படும்போது அந்தப் புறாவின் முதுகைப் பாருங்கள். அவர் தேர்ந்த சொல் சரியாக இருக்கும்.

இனிப் பயிற்சி. பறவைக் கையேட்டில் ஒரு பெயரை எடுங்கள். உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். நாட்டுக்கு நாடு வேறு வேறாகத்தான் சொல்கிறார்கள். பின்னாலிருந்து வெட்டத் தொடங்குங்கள், உறுப்பின் பெயர் பெரும்பாலும் கடைசியில்தான் இருக்கும்: பஸ் என்று முடிந்தால் கால், கெபாலஸ் என்றால் தலை, ரிங்கோஸ் என்றால் அலகு. பிறகு முன்னால் இருப்பது நிறமா அளவா என்று பாருங்கள். மருமகளுக்கு அன்று நான் முதலில் கொடுத்த பெயர் அண்டங்காகத்தினது: கோர்வஸ் மேக்ரோரிங்கோஸ். கோர்வஸ் இலத்தீனில் காகம் என்று மட்டும் சொன்னேன். அவள் ரிங்கோஸை வெட்டினாள். மேக்ரோ என்பதைப் பொருளியல் பாடப் பெயரில் கேட்டிருந்தாள். "பெரிய அலகா?" என்றாள். நீண்ட, பெரிய அலகு. கோயில் வாசலில் தேங்காய்ச் சொட்டைக் கொத்திக்கொண்டு அது நின்றது.

அடுத்து அவளாகவே கையேட்டைப் புரட்டித் தவிட்டுக்குருவியின் பக்கத்தில் நிறுத்தினாள். நாங்கள் புலுனி என்று சொல்லும் குருவி. அதில் பெயர் மூன்று சொல்லாக இருந்தது. மூன்றாவது சொல் துணையினத்தைக் காட்டும். ஒரே இனம் வேறு வேறு நிலங்களில் சிறிது மாறியிருந்தால் அப்படிப் பிரிப்பார்கள். இலங்கைப் புலுனிக்கு மூன்றாம் சொல் டாப்ரோபேனஸ். அவள் பின்னாலிருந்து வெட்டிப் பார்த்தாள், உறுப்பும் இல்லை, நிறமும் இல்லை.

அது ஊர்ப்பெயர் என்று சொன்னேன். பழைய கிரேக்கர் இந்தத் தீவை டாப்ரோபேன் என்றார்கள். இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த தொலமி, கிரேக்கத்தில் எழுதிய தமது புவியியல் நூலில் இந்தத் தீவை அந்தப் பெயரில்தான் விவரித்தார். தாமிரபரணி என்ற பெயரே கிரேக்கர் வாயில் அப்படித் திரிந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. நெல்லைச் சீமையில் ஓடும் ஆற்றுக்கும் அதே பெயர்.

அவள் அந்தச் சொல்லைக் கொப்பியில் எழுதி, பக்கத்தில் தாமிரபரணி என்று எழுதினாள். நாங்கள் வீடு திரும்பியபோது முற்றத்து முருங்கையின் கீழ் ஆறேழு புலுனிகள் சருகைப் புரட்டிக்கொண்டிருந்தன. படலையைத் திறக்காமல் வெளியே நின்று அவள் அவற்றை எண்ணினாள்.